‘கெத்தான பெண்’ என்று எழுதினால் விமர்சனம் ஆகிவிடுமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளி ஆண்டுமலருக்கு நூல் விமர்சனம் கேட்டார்கள். சூசன் காலின்ஸ் எழுதிய ‘ஹங்கர் கேம்ஸ்’ தொடரின் மூன்று நாவல்களையும் லீவில் ஒரே மூச்சாகப் படித்திருந்தேன். “காட்னிஸ் மிகவும் துணிச்சலான பெண். எல்லாப் பெண்களும் அவளைப் போல இருக்க வேண்டும்” என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். “இது விமர்சனம் இல்லை, பாராட்டுப் பத்திரம்” என்று மிஸ் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் கதையைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதவே கூடாது என்கிறார் அப்பா. உண்மையைச் சொன்னால், மூன்றாவது புத்தகம் எனக்கே பிடிக்கவில்லை. அதை எழுதலாமா? முடிவைச் சொல்லாமல் எப்படி எழுதுவது?
– பெயர் வேண்டாம், தென்காசி

பதில்: மிஸ் சொன்னது சரிதான். என்ன குறை என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதச் செலவு மிச்சமாகியிருக்கும். போகட்டும், அந்த வரியை நான் எழுதிவிடுகிறேன்.

“துணிச்சலான பெண்” என்பதை எந்தக் கதாநாயகிக்கும் எழுதலாம். வில் எடுத்தவள், வாள் எடுத்தவள், போலீஸ் உடுப்புப் போட்டவள் எல்லோருக்கும் அது பொருந்தும். உங்கள் கட்டுரையில் காட்னிஸ் பெயரை அடித்துவிட்டு வேறொருத்தி பெயரைப் போட்டாலும் அது அப்படியே நிற்குமானால், நீங்கள் இன்னும் இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதத் தொடங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

காட்னிஸ் எப்படி அறிமுகமாகிறாள் என்று திரும்பப் போய்ப் பாருங்கள். தங்கை பிரிம் வளர்க்கும் பூனைக்கு இவளைக் கண்டாலே ஆகாது. அதை பிரிம் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இவள் வாளித் தண்ணீரில் அமுக்கிக் கொல்லப் பார்த்தவள். இன்னொரு வாய்க்குத் தீனி போட முடியாது என்ற கணக்கு. தங்கை அழுது கெஞ்சியதால் விட்டுவிட்டாள். வாசகருக்குப் பிடிக்க வேண்டிய ஒரு பெண்ணை பூனைக்குட்டியைக் கொல்லப் போனவளாகக் காட்டுவதற்கு எழுத்தாளருக்கு நல்ல தைரியம் வேண்டும். பசி இவளை எவ்வளவு இறுக்கியிருக்கிறது, அந்த இறுக்கம் யாருக்காக மட்டும் தளரும் என்பது இரண்டும் அந்தச் சின்ன இடத்திலேயே வந்துவிடுகின்றன. இதை எடுத்து எழுதினாலே உங்கள் முதல் பத்தி தயார்.

அப்புறம் சீட்டுக் கணக்கு. நாட்டை ஆளும் கேபிடல் நகரம் நடத்தும் கொலை விளையாட்டுக்கு, வருடா வருடம் ஒவ்வொரு மாவட்டத்திலும் பெயர்ச் சீட்டைக் குலுக்கிப் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள். 12 வயதில் ஒரு சீட்டு, அதன்பின் வருடத்துக்கு ஒன்றாகக் கூடி 18 வயதில் ஏழு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அவ்வளவுதான். இல்லாத வீட்டுப் பிள்ளை கூடுதலாக ஒரு சீட்டு எழுதிப் போட்டால், ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் கொஞ்சம் கிடைக்கும். இப்படி வாங்கிச் சாப்பிட்டே 16 வயது காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. அவள் வேட்டைத் தோழன் கேலுக்கு 18 வயது, 42 சீட்டு. பிரிமுக்கு ஒன்றே ஒன்று. குலுக்கலில் வருவது அந்த ஒன்றுதான். முதல் அத்தியாயம் பிரிமின் பெயரோடு முடிகிறது. அதற்குமேல் புத்தகத்தைக் கீழே வைக்க யாரால் முடியும்?

தங்கைக்குப் பதிலாக நான் போகிறேன் என்று காட்னிஸ் முன்வரும் இடத்தைத் தியாகம் என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் அப்பா செத்தபோது அவளுக்கு 11 வயது. அம்மா பிரமை பிடித்தவள்போல முடங்கிப்போனாள். அன்றிலிருந்து வேலி தாண்டிக் காட்டுக்குப் போய், மாட்டினால் மரண தண்டனை என்று தெரிந்தும் வேட்டையாடி, அணிலை விற்று ரொட்டி வாங்கி வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் அவள்தான். ஐந்து வருடமாக தங்கைக்காகச் செய்துகொண்டிருந்ததைத்தான் அந்த மேடையிலும் செய்கிறாள். திடீரென்று பொங்கிய வீரம் இல்லை அது. அழுத்தக்காரி. ஊரே பார்க்கும்போது அழமாட்டாள். அழுதால் மற்ற போட்டியாளர்கள் இளப்பமாக நினைப்பார்கள் என்று அங்கேயும் ஒரு கணக்குப் போடுகிறாள்.

களத்துக்குள் 24 பிள்ளைகள். ஒருவர்தான் உயிரோடு வெளியே வரலாம். அங்கே இவள் பெரும்பாலும் என்ன செய்கிறாள்? ஓடுகிறாள், ஒளிகிறாள், மரத்தில் ஏறி பெல்ட்டால் தன்னைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள், தண்ணீர் தேடித் தேடிச் சாகக் கிடக்கிறாள். தண்ணீருக்காக அலையும் அந்தப் பக்கங்கள் பல சண்டைக் காட்சிகளைவிட விறுவிறுப்பானவை என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு இடம் பிடித்திருக்கலாம். அதைச் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்.

இன்னொரு சங்கதி. இந்தக் கொலை விளையாட்டு டிவியில் ஓடுகிறது. பார்ப்பவர்களுக்குப் பிடித்தவளாக இருந்தால்தான் ஸ்பான்சர்கள் மருந்தும் சாப்பாடும் அனுப்புவார்கள். சிரித்துப் பேசி நாலு பேரை மயக்க வராத இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் ஹேமிச் படும் பாடு தனி நகைச்சுவை. ஆனால் யோசித்துப் பாருங்கள். “என்ன கெத்து!” என்று கைதட்டுகிற கேபிடல் நகரத்துப் பார்வையாளர்களைத்தான் காலின்ஸ் நாவல் முழுக்கக் கேலி செய்கிறார். உங்கள் இரண்டு பக்கமும் அந்தக் கைதட்டலைத்தான் செய்திருக்கின்றன. காட்னிஸ் எவ்வளவு உறுதியானவள் என்று அளப்பதை விட்டுவிட்டு, அந்த உறுதிக்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்று மூன்று புத்தகங்களிலும் தேடிக்கொண்டு போங்கள். கெட்ட கனவுகள், யாரையும் நம்ப முடியாத மனது, தன் அன்பு நிஜமா நடிப்பா என்று தனக்கே தெரியாத குழப்பம். இரண்டாம் புத்தகமான ‘கேட்சிங் ஃபயர்’ தொடங்கும்போதே அவளால் நிம்மதியாகத் தூங்க முடிவதில்லை. பல த்ரில்லர்களில் நாயகி ஒரு சாகசத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் புத்தம் புதிதாக வந்து நிற்பாள். இவள் அப்படி வருவதில்லை. இந்தத் தொடரின் தனித்தன்மை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

குறை சொல்லத் தயங்காதீர்கள். முதல் புத்தகத்திலேயே எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. காட்னிஸ் கொல்ல நேர்கிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே நமக்கு வெறுப்பு வரும்படி எழுதப்பட்டவர்கள். நமக்குப் பிடித்தவர்கள் சாகும்போது அது வேறு யார் கையாலோ, இல்லையென்றால் தற்செயலாகவோ நடந்துவிடுகிறது. பிள்ளைகளைப் பிள்ளைகளே கொல்லும் கொடுமை என்று கதையை ஆரம்பித்துவிட்டு, கதாநாயகி கையில் மட்டும் கறை படியாமல் எழுத்தாளர் பார்த்துக்கொள்கிறார். நல்ல பிள்ளை ஒன்று எதிரே வந்து நின்றிருந்தால் இவள் என்ன செய்திருப்பாள்? அந்தக் கேள்வியிடமிருந்து புத்தகம் நழுவிவிடுகிறது. இதைப் படித்ததும் ‘இல்லையே’ என்று உங்களுக்குக் கோபம் வந்தால் நல்லது, அதையே எழுதுங்கள்.

விறுவிறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் விமர்சகர் பார்க்க வேண்டியது. மூன்று நாவல்களுக்கும் ஒரே கட்டுமானம்: மூன்று பாகம், பாகத்துக்கு ஒன்பது அத்தியாயம், மொத்தம் 27. காலின்ஸ் நாடக எழுத்தை முறையாகப் படித்தவர், குழந்தைகளுக்கான டிவி தொடர்களுக்கு எழுதியவர். எந்த இடத்தில் திரையை இறக்கினால் ஆள் எழுந்து போகமாட்டான் என்பது அவருக்கு அத்துபடி. கதை முழுக்க ‘நான் ஓடுகிறேன், நான் பார்க்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் காட்னிஸே சொல்வதால், அடுத்த நிமிடம் அவள் இருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

மூன்றாவது புத்தகத்துக்கு வருவோம். ‘மாக்கிங்ஜே’ பிடிக்கவில்லை என்று தாராளமாக எழுதலாம். உங்களைப் போல நினைக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் “போர் அடித்தது” என்பதோடு நிறுத்தினால் மிஸ் மறுபடியும் திருப்பிக் கொடுப்பார். எந்தப் பக்கத்தில் ஆர்வம் குறைந்தது என்று தேடிப் பாருங்கள். என் கணிப்பைச் சொல்கிறேன்: முக்கியமான திருப்பங்கள் வரும்போது காட்னிஸ் மயங்கிக் கிடப்பாள், அல்லது மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருப்பார்கள். கண் விழித்ததும் நடந்ததை யாராவது வந்து சொல்வார்கள். இரண்டாம் புத்தகத்தின் முடிவிலும் இதே கதைதான். ஒருத்தி கண் வழியாக மட்டுமே கதை சொல்வேன் என்று முடிவெடுத்தால் இந்த இக்கட்டு வரத்தான் செய்யும். காட்டில் தன் முடிவைத் தானே எடுத்தவளை, இங்கே கேபிடலை எதிர்த்துப் போர் நடத்தும் பதின்மூன்றாம் மாவட்டத்துத் தலைவர்கள் கேமரா முன்னால் நிறுத்திப் பிரசாரப் படம் எடுக்கிறார்கள். கொடுங்கோலனை எதிர்ப்பவர்களும் அவளை ஒரு விளம்பரப் பொருளாகத்தான் பார்க்கிறார்கள். அவள் செயலிழந்து கிடப்பதுதான் புத்தகம் சொல்லவந்த விஷயமே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பாதி ஒப்புக்கொள்கிறேன். சொல்லவந்த விஷயத்தில் மூன்றாவதுதான் மூன்றிலும் பெரியது, சொன்ன விதத்தில் மூன்றாவதுதான் பலவீனம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

முடிவைச் சொல்லாமல் எழுதுவது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. பின்னட்டையில் இருப்பதும் முதல் புத்தகத்தின் தொடக்க அத்தியாயங்களில் நடப்பதும் பொதுச்சொத்து. அதற்குப் பின்னால் நடப்பதை யார், எப்படி என்று சொல்லாமல் தன்மையை மட்டும் சொன்னால் போதும். ‘மாக்கிங்ஜே’யின் பின்பகுதியில் ஒரு சாவு வருகிறது. யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் அதை வீரமரணமாக ஜோடிக்காமல், அர்த்தமில்லாமல் சடாரென்று நடந்து முடிகிற ஒன்றாக காலின்ஸ் எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன், பாருங்கள். புத்தகத்தைப் படித்தவருக்குப் புரியும், படிக்காதவருக்கு எதுவும் கெடவில்லை.

இனி உங்கள் அப்பா. அவர் கவலை ஒன்றும் அசட்டுத்தனமானது இல்லை. அமெரிக்காவிலேயே பல பெற்றோர்கள் இதே ஆட்சேபத்தோடு நூலகங்களுக்குப் போயிருக்கிறார்கள். அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் பட்டியலில் 2010, 2011, 2013 ஆண்டுகளில் இந்தத் தொடர் முதல் பத்துக்குள் இருந்தது. அப்பாவிடம் வாதாடுவதற்குப் பதிலாக, கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிப் பாருங்கள். காலின்ஸின் அப்பா அமெரிக்க விமானப்படையில் இருந்தவர், வியட்நாம் போருக்குப் போனவர். மகள் அப்போது சின்னப் பிள்ளை. பல வருடங்களுக்குப் பிறகு ஓர் இரவு டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் ரியாலிட்டி ஷோ போட்டி, இன்னொன்றில் இராக் போர்க் காட்சி. இரண்டும் மனதில் கலந்துபோன இடத்தில்தான் இந்தக் கதை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஏதென்ஸ் நகரம் தன் பிள்ளைகளை மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கனுக்கு இரையாக அனுப்பிய கிரேக்கப் புராணக் கதையும் அதில் சேர்ந்துகொண்டது. வன்முறையை ரசிக்கவைக்கும் கதையா, ரசிக்கிறவர்களைக் கூசவைக்கும் கதையா என்று அப்பாவே படித்துச் சொல்லட்டும். முதல் அத்தியாயத்தை மட்டும் படிக்கக் கொடுங்கள், மீதியை அவரே கேட்டு வாங்குவார்.

படித்த பிள்ளைகள் இதிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இந்தக் கதையில் வரும் மூன்று விரல் சல்யூட்டைத்தான் எதிர்ப்பாளர்கள் தெருவில் உயர்த்திக் காட்டினார்கள், அதற்காகக் கைதும் ஆனார்கள். 2021இல் மியான்மரிலும் அதே சல்யூட்.

அப்பா பக்கமும் நியாயம் இருப்பதால் ஒன்று செய்யுங்கள். ஆண்டுமலர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கைக்கும் போகும். முதல் நாவலின் கடைசி இரவு பெரியவர்களுக்கே கொஞ்சம் கனமானது. எந்த வயதுக்கு மேல் படிக்கலாம் என்று உங்கள் கருத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அது புத்தகத்துக்கு எந்த இழுக்கும் இல்லை.

களத்துக்குக் கூடவே போன பீட்டாவா, வேட்டைத் தோழன் கேலா என்ற காதல் விவகாரத்துக்கு இரண்டு வாக்கியம் போதும். காட்னிஸே அதற்கு ஒதுக்கிய நேரம் குறைவு. சினிமாவைப் பற்றி எழுதவே வேண்டாம். 2012இலிருந்து 2015 வரை நான்கு படங்கள் வந்தன, ஜெனிஃபர் லாரன்ஸ் பிரமாதமாக நடித்தார், எல்லாம் சரி. ஆனால் படம் காட்னிஸின் தலைக்குள்ளிருந்து வெளியே வந்து, விளையாட்டை நடத்துகிறவர்களின் கட்டுப்பாட்டு அறையையெல்லாம் காட்டிவிடுகிறது. இரண்டையும் கலந்து எழுதினால் எது புத்தகத்தில் படித்தது, எது திரையில் பார்த்தது என்று உங்களுக்கே குழம்பிவிடும். 2020இலும் 2025இலும் காலின்ஸ் எழுதிய முன்கதை நாவல்கள் இரண்டும் காட்னிஸ் பிறப்பதற்கு முந்தைய காலத்தில் நடப்பவை. அவற்றை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்றால் ஆண்டுமலர் வேலை முடியும்வரை தொடாதீர்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள்.