வாட்ச் காட்டுவதில் எது அளவு, எது ஊகம்?

கேள்வி: எனக்கு வயது 46. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். 'ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கிட்டு நடங்க' என்கிறான் மகன். 2,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 40,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்குவது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கடைக்குப் போவதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த எண்ணைப் பார்த்தால் நாளைக்கு நான் செய்வது மாறும்? உங்களுக்கு அது எத்தனை அடி நடந்தீர்கள், எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்பதுதான். அதற்கு மட்டும் என்றால் இப்போதைக்குச் செலவே வேண்டாம். அசைவை உணரும் சென்ஸார் உங்கள் போனிலேயே இருக்கிறது. ஐபோனில் ஹெல்த் செயலி, சாம்சங் போனில் சாம்சங் ஹெல்த் என்று ஏதோ ஒன்று இருக்கும். ஒரு வாரம் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வழக்கம்போல் இருங்கள். ஏழு நாள் கணக்கைக் கூட்டி ஏழால் வகுங்கள். 3,400 என்று வந்தால் அதுதான் உங்கள் தொடக்கம். அதோடு 1,000 சேர்த்து இரண்டு வாரம் நடங்கள். உடம்பு பழகியதும் இன்னொரு 1,000.

வாட்ச் எடுத்த எடுப்பில் 10,000 அடி என்று இலக்கு வைக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்த விளம்பர எண்தான் இன்று வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடி வாக்கில் அந்தப் பலன் மேலும் கூடாமல் நின்றுவிட்டது. உங்கள் வயதுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பத்தாயிரம் ஒன்றும் வேதவாக்கு இல்லை என்பது தெரிகிறதல்லவா?

எடை குறையும் என்ற எண்ணத்தில் வாங்குவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். 2016-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 471 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. ஒரு பிரிவினர் கையில் கருவியும் கட்டிக்கொண்டார்கள். கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ இளைத்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ! 'எரிந்த கலோரி' எண் இன்னும் மோசம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-இல் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரிக் கணக்கிலோ இருப்பதில் நல்லதே 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். வாட்ச் 300 கலோரி எரிந்தது என்று சொல்வதை நம்பி இரண்டு மெதுவடை சேர்த்துச் சாப்பிட்டால் கணக்கு எங்கே போய் முடியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் போனோடு நடந்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால், திரையும் ஸ்பீக்கரும் பெரிதாக வைத்த மலிவு வாட்சைவிட, சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் ஃபிட்னஸ் பேண்ட் உங்களுக்குப் பொருந்தும். பெரும்பாலானவை ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் தாங்கும். தினமும் கழற்றிச் சார்ஜ் போட வேண்டிய வாட்ச் மூன்றாம் மாதம் மேசை டிராயருக்குள் போய்விடுகிறது. பேட்டரியின் ஆயுளும் அதில்தான் இருக்கிறது. லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு தெம்பு குறையத் தொடங்கும். தினமும் சார்ஜ் என்றால் ஒன்றரை வருடத்தில் 500 ஆகிவிடும்.

கடையில் கேட்க வேண்டியவை சில உண்டு. உங்கள் போனோடு சேருமா? ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேண்டும். இப்போதைய கேலக்ஸி வாட்சுகளுக்கு ஆண்ட்ராய்டு வேண்டும். ஜி.பி.எஸ். வாட்சுக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது அட்டையில் 'கனெக்டட் ஜி.பி.எஸ்.' என்று போட்டிருக்கிறதா? இரண்டாவது என்றால் தூரத்தைப் போன்தான் அளக்கும், அதைக் கூடவே சுமக்க வேண்டும். பட்டை 20 அல்லது 22 மில்லிமீட்டர் அகலமா என்றும் பாருங்கள். அறுந்தால் எந்தக் கடையிலும் மாற்றுப் பட்டை கிடைக்கும்.

கேள்வி: ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு வாட்ச் பார்த்தேன். பி.பி., சர்க்கரை, ஆக்ஸிஜன் எல்லாமே காட்டுமாம். அம்மாவுக்கு இரண்டு நோயும் உண்டு. விரலில் குத்துவது மிச்சமாகுமே?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். ஊசி குத்தாமல் சர்க்கரையை அளக்கும் வாட்சோ மோதிரமோ எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. உண்மையில் 240 இருக்கும்போது வாட்ச் 130 என்று காட்டினால் வைத்தியம் தள்ளிப்போகும். உண்மையில் 90 இருக்கும்போது 260 என்று காட்டி, அதைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மேற்கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சி.ஜி.எம். சென்ஸார் வேறு சங்கதி. அதில் முடி போன்ற மெல்லிய இழை தோலுக்குள் இருந்து அளக்கிறது. சில வாட்சுகளில் அந்த எண் தெரியும், ஆனால் அங்கே வாட்ச் வெறும் திரைதான்.

யாராவது ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு துண்டை இறுக்கச் சுருட்டி அதன்மேல் வாட்சைக் கட்டி, பி.பி. பட்டனை அழுத்துங்கள். துடிப்பை எண்ண வாட்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கின் எதிரொளியில் ஏமாந்து துடிப்பு எண்ணை நல்ல வாட்சும் சில சமயம் காட்டிவிடும், அதை மன்னிக்கலாம். ஆனால் துண்டுக்கு 118/76 என்று பி.பி. வந்தால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிய கம்பெனிகளின் பி.பி. வசதியிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சாம்சங் வாட்சில் முதலில் கைப்பட்டை வைத்த பி.பி. மெஷினில் அளந்து அந்த எண்களை உள்ளிட வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்ய வேண்டும். எப்படியும் மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அம்மாவுக்கு அந்த மெஷின் மட்டும் போதுமே! மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டும் வகையாக வாங்குங்கள். மேற்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து அதற்கேற்ற பட்டையைக் கேளுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பி.பி. இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. இரண்டையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மெதுவோட்டம் ஓடும்போது இதயத் துடிப்பு 168 என்கிறது வாட்ச். எனக்கு மூச்சே வாங்கவில்லை. சில நாள் 120-தான் காட்டுகிறது. வாட்ச் பழுதா?
– வாசகர், ஓசூர்

பதில்: பழுதில்லை, ஏமாந்துபோகிறது. வாட்சின் அடியில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வாட்ச் எண்ணுகிறது. பட்டை தளர்வாக இருந்தால் நீங்கள் அடி வைக்கும்போதெல்லாம் வாட்ச் தோலில் குதிக்கும். ஒளியில் அந்த ஆட்டமும் பதிவாகும். ஓடுகிறவர்கள் நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பது சகஜம். ஆக உங்கள் 168, இதயத்தின் எண்ணாக இருக்காது, கால்களின் எண்ணாகத்தான் இருக்கும்.

மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் முழங்கைப் பக்கமாகத் தள்ளிக் கட்டுங்கள். ஓடும்போது ஒரு துளை இறுக்கி, முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். அடியில் இருக்கும் கண்ணாடியில் வியர்வை உப்பு படிந்திருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். முதல் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கினால் மணிக்கட்டுக்கு இரத்தம் நன்றாக வரும். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் மறு கைக்கு மாற்றுங்கள், மை ஒளியைத் தின்றுவிடும். பிறகு சரிபாருங்கள்: ஓட்டத்தை நிறுத்திய உடனே கழுத்து நாடியில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். துடிப்பு வேகமாக இறங்கிவிடும் என்பதால் ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டாம்.

எடை தூக்கும்போது மணிக்கட்டு மடங்கி இரத்த ஓட்டம் தடைபடுவதால் எந்த வாட்சும் தடுமாறும். துல்லியமாகத்தான் வேண்டும் என்றால் மார்புப் பட்டை வாங்குங்கள். அது இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும், காய்ந்திருந்தால் சிக்னல் வராது.

இன்னொன்று. பி.பி.க்கும் இதயத்துக்கும் தரும் அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு ஓடினாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. 220-இலிருந்து வயதைக் கழித்து வாட்ச் வகுத்துக் கொடுக்கும் வண்ண வண்ண மண்டலங்கள் அவர்களுக்குப் பொருந்தாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நடைக்கு அந்த வேகம் போதும்.

கேள்வி: ஈ.சி.ஜி. உள்ள வாட்ச் கட்டினால் மாரடைப்பு முன்கூட்டியே தெரியுமா? அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, அவர் கட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: தெரியாது. ஆப்பிள் நிறுவனமே தன் வாட்ச் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று செயலியில் எழுதி வைத்திருக்கிறது. மருத்துவமனையில் எடுக்கும் ஈ.சி.ஜி. இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறது. வாட்ச் பார்ப்பது ஒரே கோணம். வாட்ச் கட்டாத கை விரலைப் பக்கவாட்டுத் திருகில் 30 விநாடி வைத்தால் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பா என்று சொல்லும். அவ்வளவுதான். அதுவும் சின்ன உதவி இல்லை, பக்கவாதத்துக்கு ஒரு காரணம் அந்தத் துடிப்பு. ஆப்பிள் வாட்ச் கட்டிய 4,19,297 பேரை வைத்து நடந்த ஆய்வில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் 'துடிப்பு ஒழுங்காக இல்லை' என்ற எச்சரிக்கை வந்தது. அவர்களில் மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டுப்பட்டி ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேரிடம் அந்தக் கோளாறு பதிவானது. ஆகவே எச்சரிக்கை வந்தால் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அந்தப் பதிவை பி.டி.எஃப். ஆக்கி டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலித்தால் வாட்ச் பக்கமே போகாதீர்கள், 108-க்குப் போன் செய்யுங்கள்.

அப்பா விஷயத்தில் இதய டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும். வாட்சிலும் அதன் சார்ஜரிலும் காந்தம் உண்டு. உடம்புக்குள் வைத்த கருவியிலிருந்து போனையும் வாட்சையும் ஆறு அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது எஃப்.டி.ஏ. கட்டினாலும் பேஸ்மேக்கர் இல்லாத பக்கத்துக் கையில் கட்டி, அந்தக் கையை மார்பில் வைத்துத் தூங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சார்ஜரைச் சட்டைப் பையில் போடவே கூடாது.

கேள்வி: '5 ஏ.டி.எம்.' என்று போட்டிருக்கிறது. குளிக்கும்போது கட்டிக்கொள்ளலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: நீச்சல் குளத்துக்குப் பரவாயில்லை, வெந்நீர்க் குளியலுக்கு வேண்டாம். வாட்ச் அசையாமல் இருக்கும்போது 50 மீட்டர் ஆழ நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். சூடும் சோப்பும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை இறுக விடாது. கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மணிக்கட்டில் அரிப்பு வருகிறவர்களில் பலருக்குக் காரணம் பட்டைக்கடியில் தங்கும் சோப்பும் வியர்வையும்தான். தினமும் கழற்றி, கழுவி, கையும் பட்டையும் நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள். அப்போதும் சிவந்தால் துணிப் பட்டைக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: 'ஆழ்ந்த உறக்கம் 38 நிமிடம்தான்' என்று வாட்ச் காட்டியதிலிருந்து என் மனைவிக்குத் தூக்கமே போய்விட்டது.
– வாசகர், மதுரை

பதில்: இரவில் வாட்சைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். தூக்கத்தின் படிகளைச் சரியாகப் பிரிக்க மூளையின் மின் அலைகளைப் பார்க்க வேண்டும். வாட்ச் பார்ப்பது கையின் அசைவையும் துடிப்பையும்தான். விழித்தபடி அசையாமல் படுத்திருந்தாலும் தூக்கம் என்று எழுதிக்கொள்ளும். படுத்த நேரம், எழுந்த நேரம் வரைக்கும் நம்பலாம். பலத்த குறட்டையோ, பகலில் தூக்கக் கலக்கமோ இருந்தால் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

கேள்வி: மாமியார் ஊரில் தனியாக இருக்கிறார், வயது 74. கீழே விழுந்தால் போன் செய்யும் வாட்ச் பயன்படுமா?
– வாசகி, சென்னை

பதில்: பயன்படும், பணம் போட்டு வாங்கலாம் என்று நாங்கள் தயங்காமல் சொல்வது இந்த ஒரு வசதிக்குத்தான். ஆனால் சில ஏற்பாடுகள் தேவை. பலமாக விழுந்தால்தான் வாட்சுக்குத் தெரியும், சுவரைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் தெரியாமல் போகலாம். அதனால் பட்டனை அழுத்திப் பிடித்து உதவி கேட்கவும் அவருக்குப் பழக்குங்கள். சாதாரண மாடல், போன் வழியாகத்தான் அழைக்கும். போன் கூடத்திலும் அவர் கொல்லைப்புறத்திலும் இருந்தால் அழைப்பு போகாது. தானே அழைக்க வேண்டும் என்றால் இ-சிம் (வாட்சுக்குள்ளேயே பதித்த சிம்) உள்ள மாடலும் அதற்கான மாதத் திட்டமும் வேண்டும். அந்த ஊரில் அந்தக் கம்பெனியின் சிக்னல் எப்படி என்று முதலில் பாருங்கள். அவசரத் தொடர்பில் உங்கள் எண்ணோடு பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் சேர்த்துவிடுங்கள், சென்னையிலிருந்து நீங்கள் போய்ச் சேர எத்தனை மணி நேரம்!

சார்ஜுக்கு என்று இரவில் கழற்றி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது கையில் வாட்ச் இருக்காது. வேலைக்கு வரும் அம்மா காலையில் வீட்டில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.