இருட்டை எழுதியவர்கள்தான் ஆழமானவர்களா?

அன்புள்ள ஐயா,

முதுகலை அமெரிக்க இலக்கியத் தாளில் எமர்சனும் தோரோவும் ஒரு பக்கம், ஹாதார்ன், மெல்வில், எட்கர் ஆலன் போ மூவரும் இன்னொரு பக்கம் என்று பிரித்து நடத்துகிறார்கள். முன்னவர்கள் ட்ரான்ஸன்டென்டலிஸ்டுகள், நம்பிக்கைவாதிகள். பின்னவர்கள் டார்க் ரொமான்டிக்ஸ், மனிதனின் இருட்டை எழுதியவர்கள். எமர்சனைப் படித்தால், கஷ்டத்தையே பார்க்காத ஒருவர் மேடையேறித் தன்னம்பிக்கை உரை ஆற்றுவதுபோல இருக்கிறது. மெல்வில்லின் 'மோபி டிக்' நாவல் முன்னால் அவர் எங்கே நிற்பார்? இருட்டை எழுதியவர்களே ஆழமானவர்கள் என்று தோன்றுகிறது. சரிதானா?

ஒரு மாணவன்

அன்புள்ள நண்பருக்கு,

தேர்வுக்கு அந்தப் பிரிவினை போதும். வாசிப்புக்குப் போதாது. இந்த இரண்டு அணியிலும் சிலர் ஒரே ஊரில் புழங்கியவர்கள். அந்த ஊர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட். 1842 ஜூலையில் கல்யாணமான கையோடு ஹாதார்ன் வாடகைக்குக் குடிவந்த கான்கார்ட் வீடு, எமர்சன் குடும்பத்தின் பழைய வீடு. 'இயற்கை' (1836) நூலின் பெரும்பகுதியை எமர்சன் எழுதியது அங்கேதான். புதுமணத் தம்பதிக்காக முன்கூட்டியே காய்கறித் தோட்டம் போட்டுவைத்தவர் தோரோ. அந்த வீட்டில் இருந்தபோது ஹாதார்ன் எழுதிய கதைகளில் ஒன்று 'பிறவி மச்சம்'. மனைவியின் கன்னத்தில் சின்னஞ்சிறு கை வடிவில் ஒரு மச்சம். அதை நீக்கி அவளைக் குறையே இல்லாதவளாக்கப் பார்க்கிறான் அறிவியலாளனான கணவன். மச்சம் மங்கி மறைகிறது, அவளும் செத்துப்போகிறாள். மனிதன் முழுமையடைய முடியும் என்று அதே ஊரில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குச் சொன்ன பதிலாகவே நான் அதை வாசிக்கிறேன்.

அவர்களுக்குள் நடந்த வாதம் ஒன்றுதான்: மனிதனின் உள்ளத்தை நம்பலாமா? நம்பக்கூடாது, அது பாவத்திலேயே பிறந்தது என்பது அமெரிக்காவின் வடகிழக்கான நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கறாரான கிறிஸ்தவர்களின் பழைய போதனை. பாஸ்டனில் போதகராக இருந்த எமர்சன், திருவிருந்துச் சடங்கை மனசாட்சிப்படி நடத்த முடியாது என்று 1832-இல் பதவியை விட்டார். உன்னை நம்பு, தெய்வம் உனக்குள்தான் என்றார். ஹாதார்னுக்கு அது அவ்வளவு லேசாக வாயில் வரவில்லை. அவருடைய எள்ளுத்தாத்தா ஜான் ஹாதார்ன், மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் 1692-இல் நடந்த சூனிய வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர். அந்த வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த நீதிபதிகளும் தங்கள் உள்ளம் சொன்னதை நம்பியவர்கள்தானே?

கஷ்டம் பார்க்காதவர் என்றீர்கள். எமர்சனுக்கு எட்டு வயது நிறையும் முன்பே அப்பா போய்விட்டார். 1831-இல் முதல் மனைவி எல்லன் காசநோயில் இறந்தபோது அவளுக்கு 19 வயது. 1834-இல் ஒரு தம்பி, 1836-இல் இன்னொரு தம்பி. 1842 ஜனவரியில் ஐந்து வயது மகன் வால்டோ. அதற்குப் பிறகு எழுதியதுதான் 'அனுபவம்' (1844) என்ற கட்டுரை. மகன் போனது ஒரு நல்ல சொத்து கைவிட்டுப் போனது மாதிரி இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் இல்லை, துக்கம் தனக்கு எதையும் கற்றுத்தரவில்லை என்பதே தன் துக்கம் என்கிறார். துக்கம்கூடத் தன்னைத் தொடவில்லை என்று ஒரு தகப்பன் எழுதும் அந்தப் பக்கத்தைவிட இருட்டான பக்கம் போவிடம்கூட இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அவருடைய பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. 1838-இல் ஹார்வர்ட் இறையியல் மாணவர்கள் முன், தீமை என்று தனியாக ஒன்று இல்லை, வெப்பம் இல்லாததைக் குளிர் என்பதுபோல நன்மை இல்லாததே தீமை என்றார். இதை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. மெல்வில்லாலும் முடியவில்லை. 1849-இல் பாஸ்டனில் எமர்சனின் உரையைக் கேட்டுவிட்டு, ஆழத்துக்கு மூழ்குகிறவர்கள் எல்லோரையும் எனக்குப் பிடிக்கும் என்று நண்பருக்கு எழுதியவரும் அதே மெல்வில்தான். 'மோபி டிக்' 35-ஆம் அத்தியாயத்தைத் திரும்ப எடுங்கள். பாய்மர உச்சியில் காவலுக்கு நிற்கும் இளைஞன் கடலைப் பார்த்துப் பார்த்துத் தன்னையே மறக்கிறான். கீழே இருக்கும் நீலம் அவனுக்கு உலகம் முழுவதும் பரவிய ஆன்மாவாகத் தெரிகிறது. கையோ காலோ ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும், நல்ல வெயிலில், பாதியில் அடைபட்ட ஒரு அலறலோடு கடலுக்குள் போய்விடுவான். எமர்சனுக்கு விடுத்த எச்சரிக்கை என்று இதைச் சொல்வார்கள். எனக்கு முக்கியம், விழுவதற்கு முன் அந்தப் பரவசத்தை மெல்வில் எவ்வளவு ஆசையாக நீட்டி நீட்டி எழுதியிருக்கிறார் என்பது. மேலே ஏறிப் பார்க்காதவரால் அப்படி எழுத முடியாது.

போவை இந்தச் சண்டையில் சேர்ப்பதே எனக்கு உடன்பாடில்லை. அவர் இருட்டு நரம்புகளில் இருந்து வருவது, இறையியலில் இருந்து அல்ல.

உங்கள் பாடத்தில் அடிமைமுறை வந்ததா? இந்த எழுத்தாளர்களை உரசிப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. அடிமைகளை வைத்திருக்கும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று 1846-இல் ஓர் இரவு சிறையில் இருந்தார் தோரோ. தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன 1850-ஆம் வருடச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மாட்டேன் என்று நாட்குறிப்பில் எழுதிய எமர்சன், மேடையிலும் அதை எதிர்த்துப் பேசினார். ஹாதார்ன்? 1852-இல் தன் நண்பர் ஃபிராங்க்ளின் பியர்ஸின் ஜனாதிபதித் தேர்தலுக்காக வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்தார். அடிமைமுறை மனித முயற்சியால் தீராது, தெய்வம் நினைக்கும் வேளையில் கனவுபோல் தானே மறையும் என்பது அதில் அவர் வாதம். மனிதனைத் திருத்த முடியாது என்ற ஞானம், இங்கே சும்மா இருப்பதற்குச் சாக்காகிவிட்டது. 'ஸ்கார்லெட் லெட்டர்' எழுதிய கை இதையும் எழுதியது எனக்கு இன்றும் வருத்தம்.

அதற்காக நம்பிக்கைவாதிகள் ஜெயித்தார்கள் என்று முடித்துவிடவும் மாட்டேன், ஏனென்றால் மெல்வில்லின் குறுநாவல் 'பெனிட்டோ செரீனோ' (1855) இருக்கிறது. நல்லெண்ணம் நிறைந்த அமெரிக்கக் கேப்டன் டெலானோ, ஒரு ஸ்பானிய அடிமைக் கப்பலில் ஏறுகிறார். கறுப்பினப் பணியாள் பாபோ தன் எஜமானுக்குச் சவரம் செய்வதைப் பார்த்து, என்ன விசுவாசம் என்று நெகிழ்கிறார். கப்பல் ஏற்கெனவே அடிமைகள் கையில் இருக்கிறது. எஜமானின் தொண்டையில் இருக்கும் சவரக்கத்தி நிஜமான மிரட்டல். எல்லோரையும் நல்லவர்களாகவே பார்க்கப் பழகிய டெலானோவுக்கு, அடிமைகள் விடுதலைக்காகக் கொலையும் செய்வார்கள் என்பது கண்ணெதிரே நடந்தும் தெரியவில்லை.

தேர்வு முடிந்ததும் 'அனுபவம்' கட்டுரையை முதலில் படியுங்கள், அப்புறம் 'பெனிட்டோ செரீனோ'. டெலானோவை எமர்சனின் ஆள் என்று சொல்ல முடியுமா? எனக்குச் சந்தேகம் உண்டு. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்.