டீச்சரிடம் கேளுங்கள்: யூனிகார்ன் ஏன் திரும்பிப் போனது?

கேள்வி: டீச்சர், மகளோடு ‘த லாஸ்ட் யூனிகார்ன்’ கார்ட்டூன் படம் பார்த்தேன். கடைசியில் இளவரசனும், பெண்ணாக மாறிய யூனிகார்னும் (ஒற்றைக்கொம்புக் குதிரை) சேரவே இல்லை. பிள்ளை அழுதுவிட்டாள். மாயக்கதை இப்படி முடியலாமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அழட்டும்மா, அதட்டாதீர்கள். பீட்டர் எஸ். பீகிள் 1968-இல் எழுதிய நாவல் அது. 1982-இல் வந்த படத்துக்கும் அவரே திரைக்கதை எழுதினார். மாயக்கதை வழக்கங்களை நன்கு தெரிந்தே திருப்பிப் போடுகிறார். மற்ற கதைகளில் தவளை மனிதனானால் அது வரம். இங்கே சாவே இல்லாத யூனிகார்ன் பெண்ணானதும், இந்த உடம்பு செத்துக்கொண்டிருக்கிறதே என்று துடிக்கிறாள். பிறகு காதல் வந்து, பெண்ணாகவே இருந்துவிடுகிறேன் என்கிறாள். காணாமல் போன தன் இனத்தை மீட்க அவள் ஏற்ற காரியத்தைப் பாதியில் விடக்கூடாது என்று மறுப்பவன் யார்? அவளை நேசிக்கும் இளவரசன் லியரேதான்! எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிடும்.

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), பால்வெட்டு முடிந்து வந்த பாட்டி சொன்ன கதையெல்லாம் கல்யாணத்தில்தான் முடியும். ஒன்றில் மட்டும் நாகக்கன்னி புற்றுக்கே திரும்பிவிடுவாள். அறுபது வருடமாக நான் மறக்காதது அந்தக் கதைதான்.

காட்டுக்குத் திரும்பும் யூனிகார்ன் வருத்தம் என்பதையும் அறிந்துகொண்டு போகிறது. அதன் இனத்தில் வேறு எதற்கும் அது தெரியாது. அந்தக் காட்சியை மகளோடு இன்னொரு முறை பாருங்கள்.