சுருக்கியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,
ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் ஓர் அரசனைப் போற்றி எழுதிய ‘ஹுல்டிகுங்ஸ்மார்ஷ்’ (போற்றி மார்ச்) கேட்டேன். ஆர்கெஸ்ட்ராவில் இருக்கும் ஆழம் ராணுவ பேண்டில் இல்லை. நல்ல இசையை பேண்டுக்காக ஏன் இப்படிச் சுருக்குகிறார்கள்? அரசனைத் துதிப்பது கலையாகுமா?
ர.

அன்புள்ள ர.,

துதி விவகாரத்தை விடுங்கள். கடன்காரர்களுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த வாக்னரை 1864 மே மாதம் பவேரியாவின் இளம் மன்னன் லுட்விக் அழைத்து, கடனை அடைத்து, ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் வீடும் கொடுத்தான். ஆகஸ்ட் 25 அவனுடைய 19ஆவது பிறந்தநாள். அதற்காக எழுதியது இது. அரங்கேறியது அக்டோபர் 5, மியூனிக்கில்.

ஆனால் ‘சுருக்குகிறார்கள்’ என்று எந்தத் தைரியத்தில் எழுதினீர்கள்? வாக்னர் எழுதியதே ராணுவ பேண்டுக்குத்தான். ஆர்கெஸ்ட்ரா வடிவம் பிறகு வந்தது. அதையும் அவர் தொடங்கிப் பாதியில் விட, இசையமைப்பாளர் யோவாகிம் ராஃப் முடித்தார், 1871இல் அச்சேறியது. நீங்கள் உருகிய ஆழத்தில் ராஃபுக்கும் பங்குண்டு.

எந்த ஸ்கேலில் எழுதியிருக்கிறார் பாருங்கள்: ஈ-ஃபிளாட் மேஜர் (ஃபிளாட் என்றால் அரை ஸ்வரம் இறக்கியது). கிளாரினெட் குழல்களுக்குத் தாளில் எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறு; தாளில் ஃபிளாட் குறைந்தால் வாசிக்க எளிது. பி-ஃபிளாட் கிளாரினெட்காரருக்கு அது தாளில் எஃப் மேஜர், ஒரே ஒரு ஃபிளாட். ஈ-ஃபிளாட் கிளாரினெட்டுக்கு அதுவும் கிடையாது, சி மேஜர். வயலினுக்கோ விரல் வைக்காமல் ஒலிக்கும் நான்கு திறந்த கம்பிகளில் ஏ, ஈ இரண்டும் அந்த ஸ்கேலிலேயே இல்லை. எந்த வாத்தியத்தை நினைத்து எழுதியிருக்கிறார் என்று இன்னும் சந்தேகமா?

உங்கள் காதையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். மோசமான பேண்டைக் கேட்டிருப்பீர்கள். இது நடைபோட வைக்கும் மார்ச் அல்ல. மெதுவாக, தணிந்து தொடங்குவது. ஆர்கெஸ்ட்ரா பதிவின் வேகத்தை அப்படியே பேண்டின் தலையில் கட்டினால் நீண்ட ஸ்வரங்களில் மூச்சு தீரும். எல்லோரும் பார்-கோட்டிலேயே (தாளில் தாளத்தைப் பிரிக்கும் செங்குத்துக் கோடு) மூச்செடுப்பார்கள், வாக்கியம் துண்டுதுண்டாகும். ஒரே பகுதியை வாசிக்கும் இருவர் வெவ்வேறு இடத்தில், அதுவும் பார்-கோட்டைத் தவிர்த்து மூச்செடுக்க வேண்டும். ஒத்திகையிலேயே பென்சிலால் குறித்துவிட வேண்டும். குளிர்ந்த குழலோடு ஸ்ருதி சேர்த்தால் பத்து நிமிடத்தில் ஏறிவிடும். ஆகவே முதலில் ஊதிச் சூடாக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இவற்றில் எதுவும் வாக்னர் செய்த பிழையல்ல, ஐயா.

1872 மே 22, பைராய்ட் நகரில் வாக்னரின் ஓபரா அரங்கத்துக்கு அடிக்கல் நாட்டியபோது கொட்டும் மழை. லுட்விக் வரவில்லை, தந்திதான் வந்தது. அதையும் கல்லோடு புதைத்தார்கள். அங்கே ராணுவ பேண்டு வாசித்தது இந்த மார்ச்சைத்தான். அந்த மழையில் உங்கள் வயலின்களை வெளியே எடுத்திருந்தால் பசை விட்டிருக்கும்.