போர்வை விற்ற பணம் முழுசாக வராதது ஏன்?

கேள்வி: எங்கள் தறியில் நெய்யும் சென்னிமலைப் போர்வைகளை அமேசானிலும் ஃபிளிப்கார்ட்டிலும் விற்கத் தொடங்கியிருக்கிறேன். ஜிஎஸ்டி எண் வாங்கியாயிற்று. செட்டில்மென்ட் அறிக்கையைத் திறந்தால் எஸ்கேயூ, ஏசின், டிசிஎஸ், டிடிஎஸ், ஆர்டிஓ என்று ஒன்றும் புரியவில்லை. விற்ற விலைக்கும் வங்கியில் விழும் பணத்துக்கும் நிறைய வித்தியாசம். எதற்கெல்லாம் பிடிக்கிறார்கள்?

பதில்: இவற்றில் எஸ்கேயூவும் ஏசினும் பணத்தைத் தொடாதவை. எஸ்கேயூ உங்கள் சரக்குக்கு நீங்களே வைக்கும் குறியீடு. 'டபுள்-நீலம்-கட்டம்' என்பதுபோல் பார்த்தவுடன் புரிகிற மாதிரி வையுங்கள். ஏசின் அமேசான் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இடக் குறியீடு. ஃபிளிப்கார்ட்டில் அதற்கு எஃப்எஸ்என் என்று பெயர்.

டிசிஎஸ்ஸும் டிடிஎஸ்ஸும் தளம் உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வரிப் பிடித்தம்தான், ஆனால் உங்கள் பணம். வரி நீங்கலாக 1,000 ரூபாய்க்கு விற்றால் ஜிஎஸ்டி கணக்கில் டிசிஎஸ்ஸாக 5 ரூபாய் பிடிப்பார்கள் (2024 ஜூலையிலிருந்து 0.5%, அதற்கு முன் 1%). ஜிஎஸ்டி போர்ட்டலில் அதை நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் உங்கள் ரொக்க லெட்ஜரில் சேரும். பலர் இந்த ஒரு வேலையைச் செய்யாமலேயே விட்டுவிடுகிறார்கள். டிடிஎஸ் வருமான வரிக்கானது, 0.1%. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். தளத்தின் கமிஷன் மேல் போடும் 18% ஜிஎஸ்டியையும் உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். கம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் முறை) இருந்தால் முடியாது.

சரி, பெரிய ஓட்டை எங்கே? உங்கள் சரக்குக்கு அது அநேகமாக எடையில்தான் இருக்கும். கூரியர்காரர்கள் தராசில் காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து 'வால்யூமெட்ரிக் எடை' போடுவார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஒன்றரைக் கிலோ போர்வையை 40×30×15 பெட்டியில் வைத்தால் கணக்கு 3.6 கிலோ. அதையே இறுக்கமாக மடித்து, காற்றை அமுக்கி 35×28×8 அளவுக்குக் கவரில் போட்டால் 1.6 கிலோகூட வராது. முதலில் ஒரு டேப்பை எடுத்து உங்கள் பார்சலை அளந்து பாருங்கள். அறிக்கையில் உள்ள எடை அதற்கு ஒத்துவரவில்லை என்றால், அளவு தெரிகிற மாதிரி படம் எடுத்து உடனே புகார் போடுங்கள். தள்ளிப்போட்டால் கெடு முடிந்துவிடும்.

ஆர்டிஓ என்றால் வாடிக்கையாளர் கைக்குப் போகாமலேயே திரும்பி வரும் பார்சல். வாங்கிப் பிரித்துவிட்டுத் திருப்பி அனுப்புவது கஸ்டமர் ரிட்டர்ன். இரண்டுக்கும் கட்டணம் வேறு, தளத்துக்குத் தளமும் மாறும். அறிக்கையில் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். ஆர்டிஓ பெரும்பாலும் சிஓடி (பொருள் வந்தபின் பணம் கட்டும்) ஆர்டர்களில்தான் வரும், பணம் கட்டாதவர் வேண்டாம் என்று சொல்வது சுலபம். ரிட்டர்ன் பார்சலைப் பிரிக்கும்போது லேபிளிலிருந்து வீடியோ எடுங்கள். உங்கள் போர்வைக்குப் பதில் பழைய துணி வந்திருந்தால், இழப்பீடு கேட்க அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

அப்புறம் எஃப்பிஏ. யாராவது சேரச் சொன்னால் அவசரப்படாதீர்கள். சரக்கை அமேசான் கிடங்கிலேயே வைத்து அவர்களே பேக் செய்து அனுப்பும் முறை அது. போர்வை இடத்தை அடைக்கும் சரக்கு, விற்காமல் கிடந்தால் கிடங்கு வாடகை ஏறும். அந்தக் கிடங்கையும் உங்கள் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் தொழிலிடமாகச் சேர்க்க வேண்டும். கிடங்கு வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே தனியாக ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டிவரும்.