ஆன்டிபயாடிக், குழாய், கையுறை: வந்த கேள்விகளும் என் பதில்களும்

மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புக் குழுவில் வேலை பார்க்கும் மருத்துவர் நான். கேள்விகளை அனுப்பச் சொன்னதும் வந்து குவிந்துவிட்டன, முடிந்தவரை பதில் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மருந்தைத் தாங்களே நிறுத்திவிட வேண்டாம்.

மருத்துவ மாணவர்: ஆன்டிபயாடிக் கோர்ஸை முழுசாக முடிக்காவிட்டால் கிருமிக்கு மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் வந்துவிடும் என்றுதான் படித்தோம். இப்போது குறைந்த நாளே போதும் என்கிறார்கள். எது சரி டாக்டர்?

நானும் பல வருடம் நோயாளிகளிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு, பத்து, பதினான்கு என்ற எண்களைக் கொஞ்சம் பாருங்கள், வாரக் கணக்கும் விரல் கணக்கும்தான், பெரும்பாலும் பழக்கத்தில் வந்தவை. ரத்தத்தில் பாக்டீரியா கலந்தவர்களுக்கு 7 நாள் போதுமா, 14 நாள் வேண்டுமா என்று 7 நாடுகளில் 74 மருத்துவமனைகளில் 3,608 பேரை வைத்து நடந்த பேலன்ஸ் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. 90 நாளுக்குள் இறந்தவர்கள் 7 நாள் பிரிவில் 14.5 சதவீதம், 14 நாள் பிரிவில் 16.1 சதவீதம். குறைத்துக் கொடுத்ததால் மொத்தத்தில் இறப்பு கூடவில்லை என்பதுதான் இதன் அர்த்தம். ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. இதய வால்வுத் தொற்று, எலும்புத் தொற்று, காசநோய் எல்லாம் வேறு கதை, அங்கே கை வைக்கக் கூடாது.

அப்புறம், நாள் கூடினால் என்ன கெட்டுப்போகும் என்றும் கேட்டிருந்தீர்கள். நிமோனியாவுக்குக் கொடுக்கிற மருந்து நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. குடலில் தன்பாட்டுக்கு இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் மேலும் அதே மருந்து படுகிறது. தாங்காதவை சாகின்றன, தாங்குபவை காலியான இடத்தில் பெருகுகின்றன. நோய் அடங்கிய பிறகு கொடுக்கிற ஒவ்வொரு டோஸும் அவற்றுக்குத்தான் லாபம்.

ஐசியூ செவிலியர்: கையுறை போட்டிருந்தாலும் கையைச் சுத்தம் செய்யணுமா?

செய்யணும், போடும் முன்பும் கழற்றிய பிறகும். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம், கழற்றும்போது மணிக்கட்டில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பயிற்சியில் ஒளிரும் திரவத்தைக் கையில் தேய்க்கச் சொல்லி புற ஊதா விளக்கின் கீழ் நீட்டச் சொல்வேன். உள்ளங்கை பளபளவென்று மின்னும், கட்டை விரலும் விரல் நுனிகளும் இருட்டாகவே இருக்கும். நோயாளியை அதிகம் தொடுவதே அந்த நுனிகள்தான்! ஒரு விதிவிலக்கு: க்ளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு இருந்தால் ஆல்கஹால் திரவம் போதாது, அதன் ஸ்போர்கள் (கெட்டியான ஓடு போட்ட உறங்கும் வடிவங்கள்) அதில் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான்.

நோயாளியின் மகள்: அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது. கல்ச்சரில், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில், கிருமி வந்திருக்கிறது, ஆனாலும் மருந்து வேண்டாம் என்கிறார்கள். அலட்சியமா?

உங்கள் பயம் புரிகிறது. காய்ச்சலோ வேறு தொற்று அறிகுறியோ இல்லையென்றால் அவர்கள் சொல்வது சரிதான். குழாய் உள்ளே போன நாளிலிருந்தே அதன் மேல் பாக்டீரியா படியத் தொடங்கிவிடும், ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய கல்ச்சரிலும் ஏதாவது வளரும். (கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் கணக்கு வேறு.) நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, "இந்தக் குழாய் அப்பாவுக்கு இன்னமும் தேவையா?" என்று. முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் கேளுங்கள். போர்வைக்கு அடியில் இருப்பதால் குழாய் இருப்பதையே மறந்துபோகும் மருத்துவர்கள் உண்டு, நானும் மறந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐசியூக்களில் மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு கொண்டுவந்து 2006-இல் வெளியிட்ட சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் போடும் குழாய்) பட்டியலிலும் ஐந்து வேலைகளில் ஒன்று இதுவே: தேவையில்லாத லைனை எடுத்துவிடு. மற்றவை கை சுத்தம், முழு உடல் மறைப்பு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது, தொடை இடுக்கில் லைன் போடுவதைத் தவிர்ப்பது. எனக்கு அதில் பிடித்தது, மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் செவிலியரே நிறுத்தச் சொல்லலாம் என்று வைத்தார்களே, அதுதான்.

மருந்தாளுநர்: "இதை மாற்றலாமே" என்றால் சீனியர் டாக்டர்கள் முறைக்கிறார்கள். என்ன செய்வது?

போனில் சொல்லாதீர்கள், கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதி வைக்காதீர்கள். ரவுண்ட்ஸில் கூடவே நடங்கள். மூன்றாவது நாள், கல்ச்சர் முடிவு கையில் இருக்கும்போது, "எதற்காகக் கொடுக்கிறோம், எப்போது நிறுத்துகிறோம்?" என்று மட்டும் கேளுங்கள். பாதி நேரம் நிறுத்துவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது, "தொடரவும்" என்று தினமும் எழுதிக்கொண்டே போயிருப்பார்கள், அவ்வளவுதான். ஒப்பீடும் வேலை செய்யும். இங்கிலாந்தில் அதிகம் ஆன்டிபயாடிக் எழுதிய கிளினிக்குகளின் மருத்துவர்களுக்கு, "உங்கள் பகுதியில் பெரும்பாலோரைவிட நீங்கள் அதிகம் எழுதுகிறீர்கள்" என்று தலைமை மருத்துவ அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் போனது. கடிதம் போகாத கிளினிக்குகளைவிட அவர்கள் எழுதியது ஆறு மாதத்தில் 3.3 சதவீதம் குறைவு, ஒரே ஒரு கடிதத்தால்.

பெயர் போடாதவர்: சின்ன வயதில் பென்சிலின் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொல்வார். இப்போதும் அப்படியேதானா?

அநேகமாக இல்லை. அலர்ஜி என்று பதிவானவர்களைப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பென்சிலின் ஒத்துக்கொள்கிறது. அம்மாவிடம் என்ன ஆனது என்று விவரமாகக் கேளுங்கள், அரிப்பா, மூச்சுத்திணறலா, வெறும் வயிற்றுப்போக்கா? அதை எழுதி எடுத்துக்கொண்டு அலர்ஜி மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்க வேண்டாம்.