'டேபிள்' செய்வது என்றால் எடுப்பதா, தள்ளிப்போடுவதா?

அமெரிக்க மேலாளர் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்று மெயில் போட்டார், ஸ்லைடோடு போனால் கூட்டத்தில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்கிறீர்கள். உங்கள் ஆங்கிலத்தில் குறையில்லை. பிரிட்டனிலும் இங்கேயும் டேபிள் செய்வது என்றால் விவாதத்துக்கு முன்வைப்பது. நாடாளுமன்றத்தில் அறிக்கையை 'டேபிள்' செய்தார்கள் என்று ஆங்கிலச் செய்தியில் வருவது அதுதான். அமெரிக்காவில் நேர் எதிர், ஓரங்கட்டுவது. அவர்களுடைய பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்துவிட்டால் பெரும்பாலும் அதன் கதை முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகளே இந்தச் சொல்லால் நீண்ட நேரம் வாக்குவாதம் செய்ததாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் விஷயத்தில் இரு தரப்புக்கும் ஒரே கருத்துதான்!

மேஜை, அட்டவணை, நிலத்தடி நீர்மட்டத்துக்கான 'வாட்டர் டேபிள்' எல்லாம் சூழலிலேயே புரிந்துவிடும். இந்த வினைச்சொல்தான் வம்பு. அப்புறம், 'ஆன் த டேபிள்' என்று உங்கள் மேலாளர் சொன்னால் தள்ளிப்போட்டதாக நினைக்காதீர்கள். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று பொருள்.

ஸ்லைடை அழித்துவிடாதீர்கள். 'இதை மறுபடி எப்போது எடுக்கலாம்?' என்று ஒரு வரி மெயில் போட்டுக் கேளுங்கள்.